தொப்பூர் ரோட்டில் ஒரு ரோடோடென்ட்ரான்!

ஊட்டிக்குப் போய்விட்டுத் தருமபுரி பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்குகிறவர்களைப் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிடலாம். கையில் நாலு அயிட்டம் இருக்கும். ஒன்று, வர்க்கி. இரண்டு, நீலகிரித் தைலம். மூன்று, மேட்டுப்பாளையம் தாண்டியதுமே உருக ஆரம்பித்துவிட்ட சாக்லேட். நாலாவது, கறுப்பு பாலிதீன் பையில் மண்ணோடு ஒரு பூச்செடி.

முதல் மூன்றும் ஒரு வாரத்தில் காலி. நாலாவதுதான் வம்பு. அது சட்டென்று போகாது. வீட்டில் எல்லாரும் வேளா வேளைக்குத் தண்ணீர் ஊற்றி, ஆளுக்கு ஒரு யோசனை சொல்லி, கண்ணெதிரே தவணை முறையில் சாகும்.

இப்படி வருகிற செடிகளில் ரொம்ப அழகானது, ரொம்பவும் பிடிவாதக்காரி, அசேலியா. இலை தெரியாமல் பூத்துக் கொட்டும். ரோஸ், வெள்ளை, சிவப்பு, புதுப் பெயின்ட் அடித்த மாதிரி கலர். பார்த்தவுடனே யாருக்கும் பர்ஸில் கை போகும். இதன் குடும்பப் பெயர் ரோடோடென்ட்ரான். (வாயில் வெற்றிலை இருக்கும்போது சொல்லிப் பார்க்காதீர்கள்.) கிரேக்கத்தில் 'ரோஜா மரம்' என்று அர்த்தம். உலகத்தில் சுமார் ஆயிரம் வகை. அதில் பல, வருஷம் பூரா இலை உதிர்க்காமல் பச்சைப் பசேலென்று நிற்கும். செடியாக இருப்பதும் உண்டு, மரமாக வளர்வதும் உண்டு. நாகாலாந்தில் ஜாப்ஃபு மலையில் ஒன்று நூறு அடிக்கு மேல் வளர்ந்து உலக ரெக்கார்டே வாங்கியிருக்கிறது.

இமயமலைப் பக்கம் இது ராணி. நேபாளத்துக்கு தேசியப் பூ. உத்தராகண்டுக்கு மாநில மரம். அங்கே பூவைப் பிழிந்து சர்பத் போட்டுக் குடிக்கிறார்கள். ஜோசப் ஹூக்கர் என்ற வெள்ளைக்காரத் தாவர அறிஞர் இதைத் தேடி சிக்கிம் வரைக்கும் போய், 1849ல் அந்த ராஜாவின் ஆட்களிடம் மாட்டிக்கொண்டு, சில வாரம் காவலில் இருந்துவிட்டு வந்தார். மனுஷன் அசரவில்லை. சிக்கிம் ரோடோடென்ட்ரான்களைப் பற்றிப் படங்களோடு பெரிய புஸ்தகமே போட்டார்.

"அதெல்லாம் வடக்கே. நம்ம ஊரில்?" என்று கேட்டால், இருக்கிறது. ஒரே ஒரு வகை. நீலகிரி, பழனி, ஆனைமலை உச்சிகளில், சோலைக்காட்டு ஓரத்திலும் புல்வெளியிலும் கோணல்மாணலாக நிற்கும். தடித்த பட்டை, தோல் மாதிரி இலை, கொத்துக் கொத்தாக ரத்தச் சிவப்பில் பூ. தமிழில் இதற்குக் காட்டுப்பூவரசு என்று அருமையான பெயரே இருக்கிறது. நீலகிரியிலிருந்து இமயமலைக்கு ரெண்டாயிரம் கிலோமீட்டர். சொந்தக்காரர்கள் எல்லாம் அங்கே, இது மட்டும் இங்கே எப்படி? ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்பு பூமியே குளிர்ந்து கிடந்தபோது இது தெற்கு வரைக்கும் பரவியிருந்தது. வெயில் ஏறியதும் கீழே இருந்ததெல்லாம் போய், மலை உச்சியில் ஏறி நின்றது மட்டும் தப்பித்தது என்று ஒரு விளக்கம் சொல்கிறார்கள். அதாவது, வெயிலுக்குப் பயந்து மலையேறிய ஜாதி இது. அதைப் போய் நாம் கழுத்தைப் பிடித்துத் தருமபுரிக்கு இறக்குகிறோம்!

* * *

எங்கள் தெருவில் ஒரு தம்பி. தனியார் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் வேலை. புதுசாகக் கல்யாணம் ஆனவர். ஹனிமூனுக்கு ஊட்டி போனார். புதுப்பெண் ஆசைப்பட்டுத் தொட்டுக் காட்டிய செடி, இந்த அசேலியா. வந்து இறங்கியபோது நாற்பது பூ இருந்தது. தெருவே வந்து பார்த்தது.

ஒரே மாசம். பூ எல்லாம் போச்சு. சரி, பூ போவது இயற்கை. ரெண்டாவது மாசம் இலை மஞ்சளானது. அதுவும் ஒரு தினுசாக. நரம்பு மட்டும் பச்சை, நடுவில் எல்லாம் மஞ்சள். யாரோ ஸ்கெட்ச் பேனாவால் வரைந்த மாதிரி.

தம்பியின் அம்மா ஒரு நாள் என்னை வாசலில் நிறுத்தினார்.

"தம்பி, நீங்க நாலு எழுத்து படிச்சவங்க. கல்யாணமாகி முதல் முதலா வாங்கியாந்த செடி. இது பட்டுப்போனா நல்லதுங்களா? எனக்கு மனசே சரியில்லை."

உள்ளே சமையலறையில் பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது. அந்தப் பெண் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. செடி பிரச்னை என்று நினைத்தால், இது குடும்பப் பிரச்னை!

"அம்மா, இது சகுனம் இல்லீங்க, சுண்ணாம்பு" என்றேன்.

நான் படித்தது பி.காம். செடி கொடி எல்லாம் பாடத்தில் கிடையாது. ஆனால் ஒரு கம்பெனி ஏன் நொடித்தது என்று பார்க்கிற மாதிரி, வரவு செலவை எழுதிப் பார்த்தால் எதுவும் புரிந்துவிடும். அசேலியாவுக்கும் எழுதிப் பார்த்தோம். மூன்று இனங்களில் நஷ்டம்.

முதல் இனம், மண். மண்ணில் புளிப்பு, காரம் என்று ரெண்டு குணம் உண்டு. அதை அளக்க பி.எச். என்று ஒரு ஸ்கேல். 7 நடுநிலை. அதற்குக் கீழே புளிப்பு, மேலே காரம். ரோடோடென்ட்ரான் குடும்பத்துக்கு நாலரையிலிருந்து ஆறுக்குள் இருக்க வேண்டும். ஐந்து, ஐந்தரை என்றால் உற்சாகம். நீலகிரி மண் மழையில் ஊறி ஊறிப் புளித்த மண். தேயிலை அங்கே செழிப்பதும் அதனால்தான். நம் மாவட்டத்துச் செம்மண்ணில் பல இடங்களில் சுண்ணாம்பு கலந்து கிடக்கும். எட்டு கூடப் போகும்.

"ஐந்துக்கும் எட்டுக்கும் மூணுதானே வித்தியாசம்?" என்றார் தம்பி.

அங்கேதான் கணக்கு ஏமாற்றும். இந்த ஸ்கேலில் ஒரு படி என்பது பத்து மடங்கு. மூன்று படி என்றால் ஆயிரம் மடங்கு. கந்து வட்டி கூடத் தோற்றுப் போகும்!

மண் காரமானால் என்ன ஆகும்? மண்ணில் இரும்புச் சத்து இருக்கும், ஆனால் கரையாது. பாங்க்கில் பணம் இருக்கிறது, அக்கவுண்ட்டை முடக்கிவிட்டார்கள் என்கிற நிலைமை. இரும்பு கிடைக்காத செடி, இலையில் பச்சையம் தயாரிக்க முடியாமல் மஞ்சளாகும். புது இலையில்தான் முதலில் தெரியும். உங்கள் வீட்டு இட்லிப்பூச் செடி இப்படி நரம்பு பச்சை, மீதி மஞ்சள் என்று நிற்கிறதா? பெரும்பாலும் அதே கேஸ்தான்.

இரண்டாவது இனம், தண்ணீர். நம் போர்வெல் தண்ணீரின் லட்சணம் தெரிய லேபுக்குப் போக வேண்டாம். வெந்நீர் போடும் ஹீட்டர் கம்பியைப் பாருங்கள். குக்கரின் அடியைப் பாருங்கள். வெள்ளையாக ஓடு கட்டியிருக்கிறதே, அதைத்தான் தினமும் ஒரு சொம்பு, ரெண்டு சொம்பு என்று செடிக்கு ஊற்றுகிறோம். கடையிலிருந்து வந்த பையில் நல்ல மலை மண்ணே இருந்தாலும், சில மாசத்தில் அதையும் தருமபுரி ஆக்கிவிடுவோம். அன்பாக, விடாமல், தினமும்!

மூன்றாவது இனம், குளிர். இதைப் பலர் யோசிப்பதில்லை. நம் வெயில் 38 டிகிரியைத் தொடும்போது அது வாடும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதற்குப் பூ மொட்டு கண் திறக்கவே குளிர் வேண்டும். 10 டிகிரி, அதற்கும் கீழே, சில வாரங்கள் தொடர்ந்து. நம் ஊர் மார்கழிக் குளிர் அதற்கு ஃபேன் காற்று மாதிரி. ஆக, பிழைத்தாலும் பூக்கத் தயங்கும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அம்மா கொஞ்சம் ஆறுதலானார். சமையலறையில் பாத்திரச் சத்தம் திரும்ப ஆரம்பித்தது.

* * *

"அப்படின்னா வளர்க்கவே முடியாதாண்ணா?" என்று தம்பி விடவில்லை. புது மாப்பிள்ளை, விடுவாரா?

முடியும். தொட்டியில் வைத்து, கொஞ்ச காலம், கொஞ்சம் செல்லம் கொடுத்து. வாசகர்களில் இதே மாதிரி வாங்கி வைத்துக்கொண்டு முழிக்கிறவர்கள் இருப்பீர்கள். ஆகவே விவரமாகச் சொல்லிவிடுகிறேன்.

தரையில் வைக்காதீர்கள். தொட்டிதான். அகலமான, ஆழம் குறைந்த தொட்டி. இதன் வேர் தலைமுடி மாதிரி மெல்லிசு. ஆழமாகப் போகாது, மேலாகவே பரவும். அதனால் வேர்ப்பந்தின் தலை மண்ணுக்குக் கொஞ்சம் மேலே தெரிகிற மாதிரி வையுங்கள். ஆழப் புதைத்தால் மூச்சு முட்டிப் போய்விடும். சுற்றிக் கொத்திவிடுகிற வேலையும் வேண்டாம். கொத்தினால் வேர் போச்சு.

மண் கலவைக்கு, நன்றாக மக்கிய இலை உரம், நாலைந்து தடவை கழுவிய தேங்காய் நார்க்கழிவு, கொஞ்சம் மணல். நார்க்கழிவைக் கழுவாமல் போட்டால் உப்பு இருக்கும். மேலே காய்ந்த சருகை ரெண்டு விரல் கனத்துக்கு மூடாக்காகப் போடுங்கள். காட்டில் அது அப்படித்தான் வாழ்கிறது, சருகு மெத்தையில்.

தண்ணீர், மழைத் தண்ணீர். தமிழ்நாட்டில் 2003ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். அந்தக் குழாய் உங்கள் வீட்டில் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க இந்தச் செடி ஒரு சந்தர்ப்பம்! ஒரு டிரம் பிடித்து மூடி வையுங்கள். கலவை ஈரமாக இருக்க வேண்டும். சொதசொதவென்று நிற்கக் கூடாது. தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும்.

காலை வெயில் போதும். பத்து மணிக்கு மேல் நிழல். மேற்குப் பக்கச் சுவர் ஓரம் வைத்தால் சாயங்காலம் சுவரே அதை வறுத்துவிடும்.

பூ வாடியதும் கையால் மெதுவாக ஒடித்து எடுத்துவிடுங்கள். அதற்குக் கீழேயே அடுத்த துளிர் ஒளிந்திருக்கும், அதைத் தொடக் கூடாது. கிளை வெட்டுவதானால் பூ முடிந்த கையோடு வெட்டிவிட வேண்டும். நாலு மாசம் கழித்து ஆற அமர வெட்டினால், அடுத்த வருஷப் பூவை இந்த வருஷமே வெட்டிக் குப்பையில் போட்டதாக அர்த்தம்.

உரம் ரொம்பக் கொஞ்சம். அம்மோனியம் சல்பேட்டைச் சிட்டிகைக் கணக்கில் தண்ணீரில் கரைத்து, வளரும் பருவத்தில் எப்போதாவது. இலை மஞ்சளானால் உரக்கடையில் 'கீலேட்' செய்த இரும்புச் சத்து கேட்டு வாங்குங்கள். துரு பிடித்த ஆணியைப் புதைத்து வைக்கிற பாட்டி வைத்தியம் இங்கே பலிக்காது. காரமான மண்ணில் அந்த இரும்பும் கரையாது.

எல்லாவற்றையும் விட முக்கியம், அக்கம்பக்கத்து ஆலோசனையைக் கேட்காமல் இருப்பது. "முட்டை ஓட்டை நொறுக்கிப் போடுங்க." "அடுப்புச் சாம்பல் தூவுங்க, பூச்சி வராது." "தொட்டிக்குச் சுண்ணாம்பு அடிங்க, அம்சமா இருக்கும்." "எலும்புத்தூள் போட்டா ஜோரா பூக்கும்." ரோஜாவுக்கும் தக்காளிக்கும் இதில் சிலது நல்லதுதான். ஆனால் அத்தனையும் சுண்ணாம்புச் சத்து. இந்தச் செடிக்கு ஒவ்வொன்றும் ஒரு ஸ்பூன் விஷம்.

விஷம் என்றதும் இன்னொன்று. வீட்டில் ஆடு இருந்தால் செடியைக் கிட்டே வைக்காதீர்கள். ரோடோடென்ட்ரான் இனங்கள் பலவற்றின் இலையில் நஞ்சு உண்டு. மேய்ந்த ஆடு சுருண்டு படுத்துவிடும். தேனில் கூட இறங்கும். கி.மு. 401ல் கருங்கடல் ஓரமாக ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த கிரேக்கப் படை, வழியில் கிடைத்த தேனைச் சாப்பிட்டுவிட்டுக் கூட்டம் கூட்டமாக மயங்கிக் கிடந்ததாம். கூடவே போன செனபோன் என்கிறவர் எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பக்கத்து ரோடோடென்ட்ரான் தேன்தான் காரணம் என்கிறார்கள்.

இவ்வளவும் செய்தார் தம்பி. ஆபீஸிலிருந்து வந்ததும் டையைக் கழற்றுவதற்கு முன்னால் டிரம்மைத் திறந்து பார்ப்பார். ஐப்பசி மழைத் தண்ணீரில் செடி பிழைத்தது. புது இலை பச்சையாக வந்தது. ஆனால் பூ? ஒன்று கூட இல்லை. மாசி பிறந்து டிரம்மில் தண்ணீர் அடியைத் தொட்டதும் தம்பி முகத்தில் கவலை.

* * *

அந்தப் பெண் பென்னாகரம் பக்கத்துக் கிராமம். அதிகம் பேச மாட்டாள். அன்றைக்குக் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்.

"எங்க ஊர்ல பல்லுக்கே ஆகாத தண்ணிங்கண்ணா. பூவுக்கு ஆகுமா?"

நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

தருமபுரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்ற ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் மாவட்டத்தின் பல கிராமங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். குடிக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு வழியே இல்லாவிட்டால் ஒன்றரை. அதைத் தாண்டிய தண்ணீரைச் சின்ன வயசிலிருந்து குடித்தால், முளைக்கும் பல்லிலேயே வெள்ளைத் திட்டு, மஞ்சள் கோடு, பழுப்புக் கறை. எந்தப் பேஸ்ட் போட்டாலும் போகாது. அளவு ரொம்பக் கூடி, வருஷக்கணக்காகக் குடித்தால் எலும்பு, மூட்டு வரைக்கும் போகும். காய்ச்சிக் குடித்தாலும் பிரயோஜனம் இல்லை. தண்ணீர் ஆவியாகும், ஃப்ளோரைடு அப்படியே நிற்கும், இன்னும் கெட்டியாகும்.

அசேலியாவை மஞ்சளாக்குவது ஃப்ளோரைடு அல்ல, காரம். ஆனால் ரெண்டும் தூரத்துச் சொந்தம். தண்ணீரில் பைகார்பனேட் என்கிற காரச் சமாச்சாரம் கூடுதலாக இருந்தால், பாறையிலிருந்து ஃப்ளோரைடு சுலபமாகக் கரைந்து இறங்கும். ஒன்று இலையில் எழுதுகிறது, இன்னொன்று பல்லில் எழுதுகிறது.

காலேஜில் எங்களோடு ஒருவன் இருந்தான். எவ்வளவு பெரிய ஜோக்குக்கும் வாயை மூடியே சிரிப்பான். குரூப் போட்டோவில் உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்பான். 'ரொம்ப சீரியஸ் பேர்வழி' என்று கிண்டல் கூட உண்டு. இன்டர்வியூவுக்குப் போகிற வயசில், பெண் பார்க்கப் போகிற வயசில், சிரிப்பதற்கே ஒரு இளைஞன் யோசிக்க வேண்டியிருந்தது என்றால், அது சின்ன விஷயமா?

இதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008ல் அடிக்கல், ஜப்பான் கடன், 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவு, 2013ல் தொடக்கம். தருமபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துக்கும் காவிரித் தண்ணீர். திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரைடு பாதிப்பைத் தடுப்பது என்று சேர்த்திருந்தார்கள். குழாயில் காவிரி வருகிற நாளில் அதைத்தான் குடிக்க வேண்டும். வராத நாளில் "அட, போர் தண்ணி இருக்கே" என்று குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. உங்கள் கிணறு எப்படி என்று தெரியாவிட்டால் ஒரு பாட்டில் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்து ஒரு பேப்பரில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஜாதகத்தை விட உபயோகமான பேப்பர்.

செடி விஷயத்துக்குத் தீர்வு சுலபமாகக் கிடைத்தது. பங்குனியில் தம்பி ஆபீஸிலிருந்து ஒருவருக்குக் குன்னூருக்கு மாற்றல். அவரோடு அசேலியாவுக்கும் டிரான்ஸ்ஃபர் ஆர்டர் போட்டு லாரியில் ஏற்றிவிட்டார்கள். அடுத்த சீஸனில் செல்போனில் போட்டோ வந்தது. தொட்டி தெரியவில்லை, பூதான் தெரிந்தது. அம்மா அதைத் தெரு முழுக்கக் காட்டினார், பேரக் குழந்தை போட்டோ மாதிரி.

செடியை டிரான்ஸ்ஃபர் பண்ணலாம். ஒரு கிராமத்துக் குழந்தைகளை எல்லாம் டிரான்ஸ்ஃபர் பண்ண முடியுமா? அங்கே தண்ணீரைத்தான் மாற்றியாக வேண்டும்.

* * *

இதனால், வெளியூர்ச் செடியே வேண்டாம் என்று நான் கொடி பிடிக்கவில்லை. தகடூர்க்காரன் அப்படிச் சொல்லவும் கூடாது. கரும்பை வெளியிலிருந்து முதன்முதலில் இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தவர்கள் அதியமானின் முன்னோர் என்று புறநானூறு சொல்கிறது. கரும்புக்கு நம் வெயில் பிடித்தது, தங்கிவிட்டது.

சில செடிகளுக்கு ரொம்பவே பிடித்துவிடும், அது வேறு தொல்லை. ரோடோடென்ட்ரானிலேயே ஒரு வகையை 1763 வாக்கில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்த் தோட்டத்தில் வைத்தார்கள். ஈரம், குளிர், புளித்த மண், எல்லாம் தோதாகக் கிடைத்தது. இன்றைக்கு பிரிட்டன், அயர்லாந்துக் காடுகளில் அது பரவி, கீழே ஒரு புல்லைக் கூட முளைக்க விடாமல், வெட்ட வெட்டத் துளிர்க்கிறது. அதை ஒழிக்கக் கோடிக்கணக்கில் செலவு. இங்கே தலைகீழாக நின்றாலும் வளர மாட்டேன் என்கிறது, அங்கே தலையை வெட்டினாலும் சாக மாட்டேன் என்கிறது! நம் ஊர் சீமைக்கருவேலத்தையும் உண்ணிச்செடியையும் நினைத்துக்கொண்டால் அவர்கள் வேதனை புரியும். நீலகிரி உச்சியிலும் இப்படித்தான். வெளியிலிருந்து வந்த சீகை மரம் புல்வெளியை மூட மூட, நம் காட்டுப்பூவரசுக்கு நிற்க இடம் குறைகிறது. அது மலையை விட்டு இறங்கவும் முடியாது, இதற்கு மேல் ஏறவும் மலை இல்லை.

சரி, தருமபுரியில் வருஷம் பூரா பச்சையாக, கொத்துக் கொத்தாக ரோஸ் பூ பூக்கிற செடிக்கு என்ன வழி?

தொப்பூர் வழியாக சேலம் போயிருப்பீர்கள். நாலு வழிச் சாலையின் நடுவில் பார்த்தீர்களா? அனல் காற்று, லாரிப் புகை, தார் ரோட்டின் சூடு, யாரும் ஏன் என்று கேட்காத நிலை. அதிலும் ரோஸும் சிவப்பும் வெள்ளையுமாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறதே, அரளி! எதிர் வண்டியின் ஹெட்லைட் கண்ணைக் கூசாமல் மறைப்பது அதற்கு உத்தியோகம். மாடு கடிக்காது, காரமான மண்ணும் உப்புத் தண்ணீரும் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. இலைக்கு அடியில் சின்னச் சின்னக் குழி, குழிக்குள் மெல்லிய ரோமம், அதற்குள் ஒளிந்திருக்கும் மூச்சுத் துளைகள். அதனால்தான் தண்ணீரை அவ்வளவு சிக்கனமாகச் செலவு செய்கிறது. மாசக் கடைசியில் நம்மைப் போல.

வளர்ப்பதும் சுலபம். பென்சில் கனத்துக் குச்சி ஒரு முழம் வெட்டி நட்டு, வேர் பிடிக்கும் வரை ஈரம் காத்தால் போதும். நல்ல வெயில் வேண்டும். ஒரு சுற்றுப் பூ ஓய்ந்ததும் கிளையை வெட்டிவிட்டால் பக்கக் கிளை வெடித்துப் பூ கூடும். ஒன்றே ஒன்று, இதுவும் விஷம். இலை, பூ, குச்சி, பால் எல்லாமே. குழந்தை வாயில் வைக்கக் கூடாது, குச்சியை அடுப்பில் எரிக்கக் கூடாது, வெட்டியபின் கையைக் கழுவ வேண்டும். 2024ல் கேரளத்துத் தேவஸ்வம் போர்டுகள் பிரசாதத்தில் அரளிப் பூ கூடாது என்று நிறுத்தியதே இந்த பயத்தில்தான். சாமிக்கு மாலை போடலாம், வாயில் போடக் கூடாது. இதற்கும் மனசு ஒப்பாதவர்களுக்கு நந்தியாவட்டை, செம்பருத்தி, காகிதப்பூ இருக்கவே இருக்கின்றன.

கடைசியாக ஒரு செய்தி. 'ரோடோடென்ட்ரான்' என்ற பெயர் முதலில் எந்தச் செடிக்கு இருந்தது தெரியுமா? ரோமாபுரி அறிஞர் பிளினி, கி.பி. முதல் நூற்றாண்டில், அந்தப் பெயரால் எழுதியிருப்பது இந்த ஊட்டி, இமயமலைச் செடியைப் பற்றி அல்ல. அரளியைப் பற்றி! அந்தக் காலத்தில் அரளிக்குத்தான் 'ரோஜா மரம்' என்று பெயர். பல நூறு வருஷம் கழித்து, 1753ல் லின்னேயஸ் என்கிற பெயர் சூட்டும் பெரியவர் அந்தப் பட்டத்தை மலைச் செடிக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார்.

ஆக, சீனியாரிட்டி பார்த்தால் ஒரிஜினல் ரோடோடென்ட்ரான் தொப்பூர் ரோட்டில்தான் நிற்கிறது. பட்டம் போனது, பிரமோஷன் இல்லை, டிரான்ஸ்ஃபர் இல்லை, தண்ணீர் ஊற்றுகிறவரும் அபூர்வம். இருந்தும் டியூட்டிக்கு ஒரு நாள் லீவு போடாமல் பூத்துக்கொண்டிருக்கிறது.

அடுத்த தடவை சேலம் பஸ்ஸில் ஜன்னல் ஓர ஸீட் கிடைத்தால், ஒரு சலாம் வையுங்கள்.